இரண்டு மணிச் சொட்டு

“நாள் முழுக்க வீட்லதானே இருக்கே, ஒரு சொட்டு மருந்தை நேரத்துக்கு விட முடியலையா உனக்கு?” ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் இதைத்தான் கேட்டார் என் வீட்டுக்காரர். இடுப்பில் துண்டு, கையில் பிரஷ், வாய் நிறையப் பேஸ்ட் நுரை. தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் வாயைக் கொப்பளித்துவிட்டு வரலாமே என்று கூடத் தோன்றாது இந்த மனுஷனுக்கு. என்ன குற்றம்? மாமாவின், அதாவது இவர் அப்பாவின், வலது கண் சிவந்திருக்கிறதாம். ஆமாம், சிவந்துதான் இருக்கிறது, எனக்கும் கண் இருக்கிறது, காலையில் காபி கொடுக்கும்போதே பார்த்தேன், வெள்ளை விழியின் ஓரத்தில் செம்பருத்தி நரம்பு மாதிரி கோடுகள். ஆனால் பார்த்ததை வாயால் சொல்லாமல் இருந்தேன், அது வேறு விஷயம். ஆறு நாளைக்கு முன்னால்தான் அதில் புரை எடுத்தார்கள். இடது கண் பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே கண் அழுத்த நோயில் போய்விட்டது. ஆக, எங்கள் மாமாவுக்கு உலகம் என்று ஒன்று இருந்தால் அது இந்த வலது கண்ணுக்குள்தான் இருக்கிறது, இன்றைக்குப் பதினோரு மணிக்கு டாக்டர் அதைத் திறந்து பார்க்கப் போகிறார். “முடியலையா உனக்கு?” என்று இரண்டாவது தடவையும் கேட்டார். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவது விஷயம் இல்லாதவர்கள் வேலை. ஃப்ரிஜ் கதவிலிருந்து சொட்டு மருந்து அட்டையை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். “எண்ணிப் பாருங்க. காலை எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளைக்கு ஏழு. எங்கயாவது டிக் இல்லாம இருக்கா?” நேற்று ஏழு, முந்தாநாள் ஏழு, அதற்கு முன்னால் ஏழு, ஸ்கேல் வைத்து அடித்த கட்டங்கள், ஒரே சாய்வில் டிக். கான்வென்டில் படித்தவள் போட்ட டிக். அவர் பார்த்தார். நுரையை விழுங்கினார். “அப்புறம் ஏன் செவந்திருக்கு?” “அதை டாக்டர்கிட்ட கேளுங்க, அவர்தான் அதுக்குப் படிச்சவர்.” கட்டிலில் படுத்திருந்த மாமா, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, “விடுடா தியாகு, அவ மணியடிச்ச மாதிரி விடறா. எனக்குத் தெரியாதா?” என்றார். அதோடு முடிந்தது. குளியலறைக் கதவு சாத்தும் சத்தம். நான் ஜெயித்தேன். அட்டையைப் பிடித்திருந்த என் இடது கட்டை விரல் மட்டும் இன்னும் அதே இடத்தில் இருந்தது, கடைசி வரிசையில், இன்றைய தேதியின் மேல், மறைத்துக்கொண்டு.

எட்டு மணி. இரண்டு குப்பி, வெள்ளை மூடி போட்டது முதலில். பால் மாதிரி இருக்கும் மருந்து, குலுக்க வேண்டும், இருபது தடவை. கீழ் இமையைச் சுட்டு விரலால் இழுத்தால் ஒரு சின்னக் குழி விழும், அதில் ஒரே சொட்டு, குப்பியின் முனை இமையில் படக்கூடாது. படவில்லை. என் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. “கண்ணை மூடிக்கோங்க மாமா. கசக்காதீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு அடுத்தது.” “சரிம்மா” என்றார். ஐந்து நிமிஷம். ரோஸ் மூடியை உடனே விட்டால் முதல் மருந்து கரைந்து வெளியே வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் நான் என்னவெல்லாம் செய்வேன் தெரியுமா? ரசத்துக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு, அது பொங்குவதற்குள் மொட்டை மாடிக்கு ஏறிக் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். மகள் அபிநயா காலேஜ் பஸ்ஸுக்குச் செருப்பு மாட்டுகிற நேரத்தில் அவள் டப்பாவை மூடி, தண்ணீர் பிடித்து, அவளுடைய தலைமுடியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லி முடித்துவிடுவேன். எனக்கு ஐந்து நிமிஷம் என்பது ஒரு அறை. உள்ளே நாலு சாமான் வைக்கலாம், நெருக்கி வைத்தால் ஆறு. மற்ற நாளெல்லாம் இந்த ஐந்து நிமிஷத்தை அடுப்படியில்தான் கழிப்பேன், மாமா கண்ணை மூடிப் படுத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு. இன்றைக்கு மட்டும் கட்டில் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் உட்கார்ந்திருக்கிறேன்? கோபத்தில். கோபத்தில் உட்காருகிறவள் இல்லையே நான், கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பவள். உறையூர் முழுக்கக் கேட்கிற மாதிரி தேய்ப்பேன். பின் தெருவில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. எட்டு மணி ஒரு நிமிஷம். ஒன்பதாம் வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் பள்ளிக்கூட மணியை என் கையில்தான் கொடுத்தார், நானூறு பெண்களில் என்னிடம், ஏனென்றால் “இவள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, கடிகாரம் இவளைப் பார்க்கிறது” என்று அசெம்ப்ளியில் சொன்னார், ஆங்கிலத்தில், அதைவிட அழகாக. பித்தளைத் தட்டு, மரச் சுத்தி. நான் அடித்தால்தான் கணக்கு முடியும், நான் அடித்தால்தான் தையல் தொடங்கும். மூக்குக் கண்ணாடி போட்ட டீச்சர்கள் எல்லாம் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடுவார்கள். அந்தக் கை இது. இந்தக் கையைப் பார்த்து ஒரு சொட்டு விட முடியலையா என்றால்.

என் வீட்டுக்காரருக்கு நேரத்தைப் பற்றி என்ன தெரியும்? போன வருஷம் ஆபீஸில் இரண்டு நாள் பயிற்சி என்று ஏ.சி. ஹோட்டலில் உட்கார வைத்து நேர மேலாண்மை சொல்லிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது ஒரு கோப்பு, ஒரு பேனா, ஒரு அட்டை. அட்டையில் நாலு கட்டம். அவசரம் முக்கியம், அவசரமில்லை முக்கியம், இப்படி நாலு. அதைக் கொண்டுவந்து என் ஃப்ரிஜ் கதவில் ஒட்டி, “வேலையை எல்லாம் இதுல பிரிச்சுப் போட்டுப் பாரு சியாமளா, டென்ஷனே இருக்காது” என்றார். நான் கேட்டேன், “கடுகு வெடிக்கறது எந்தக் கட்டம்?” “கிண்டல் பண்ணாதே.” “இல்லீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். வாசல்ல சிலிண்டர்காரர், ஃபோன்ல பொண்ணோட பரீட்சை ஃபீஸுக்கு ஓடிபி, அடுப்புல கடுகு, உள்ளே உங்கப்பா பாத்ரூம் போகணும்கறார். எதை எதுல போடட்டும்?” நாலாவது கட்டத்தைக் காட்டி, “யார்கிட்டயாவது பிரிச்சுக் கொடுக்கறதுன்னு ஒண்ணு இருக்கு, பாரு” என்றார். யாரிடம் என்று கேட்டேன். செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அந்த அட்டையைத் திருப்பிப் போட்டுத்தான், பின்பக்க வெள்ளையில், சொட்டு மருந்துக்குக் கட்டம் அடித்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண், நர்ஸ், என் ஃபோனைக் கேட்டாள், “ஏழு அலாரம் வச்சுத் தரேன் ஆன்ட்டி, மறந்துடுவீங்க” என்று. நான் ஃபோனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். “அலாரமா? எனக்கா?” அவள் சிரித்தாள். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு நன்றாக இருந்தது. வீட்டில் யாருக்கும் அலாரம் கிடையாது. அபிநயா “அம்மா இருக்கறப்ப எதுக்கு?” என்பாள். இருபத்திமூன்று வருஷமாக இந்த வீட்டில் ஒரு பஸ் தவறியதில்லை, ஒரு பால் பொங்கி வழிந்ததில்லை, ஒரு மாத்திரை விட்டுப்போனதில்லை. சொல்லிக்கொள்ளாமல் இருக்க நான் என்ன சந்நியாசியா? எட்டு மணி இரண்டு நிமிஷம். மாமாவின் கண்ணோரத்திலிருந்து வெள்ளையாக ஒரு கோடு காது வரைக்கும் இறங்குகிறது, பஞ்சால் ஒற்றி எடுத்தேன். கட்டை விரலில் இன்னும் அந்த அட்டையின் வழவழப்பு.

சரி, கட்டை விரல். அதை ஏன் அங்கே வைத்தேன்? இன்றைய வரிசையிலும் ஏழு டிக் இருக்கிறது, அதனால் வைத்தேன். இராத்திரி எட்டு மணி வரைக்கும். காலை ஐந்தரைக்குக் காபிக் கையோடு போட்டது. தினமும் அப்படித்தான் போடுகிறேன், ஏழு டிக்கையும் ஒரே இழுப்பில். ஒவ்வொரு தடவையும் பேனாவைத் தேடிப் போய், மூடியைக் கழற்றி, ஒரு டிக் போட்டு, மூடி, மறுபடி வைக்க முக்கால் நிமிஷம் ஆகிறது. ஏழு தடவைக்குப் பார்த்தால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வீண். அதில் ஒரு தேங்காய் துருவலாம். அதுவும் இல்லாமல் டிக் என்பது எனக்குச் செய்து முடித்ததின் அடையாளம் இல்லை, செய்வேன் என்று கொடுத்த வாக்கு. சியாமளா டிக் போட்டால் நடக்கும். நடந்திருக்கிறது. நேற்று எட்டு மணி, விட்டேன், இவர் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பத்து மணி, விட்டேன், ரோஸ் மூடி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, துடைப்பத்தால் தள்ளி எடுத்தேன். பன்னிரண்டு, விட்டேன், மாமா “இன்னிக்கு என்ன கொழம்பு?” என்று கேட்டார், “கண்ணைத் தொறக்காம சாப்பிட்டா எந்தக் கொழம்பா இருந்தா என்ன?” என்றேன், சிரித்தார். நாலு மணி, விட்டேன், வாசலில் சிலிண்டர்காரர் போட்டுவிட்டுப் போன பழைய சீல் காலில் குத்தி அந்த வலியோடு விட்டேன். இரண்டு. இரண்டு மணி. பன்னிரண்டு மணிச் சொட்டு, சாப்பாடு, பாத்திரம், இரண்டு, அப்புறம் சிலிண்டர், அப்புறம் நாலு. இரண்டு மணிக்கு மாமா என்ன சொன்னார்? ஏதாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு சொட்டுக்கும் ஏதாவது சொல்வார், முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். இரண்டு மணிக்கு என்ன சொன்னார்? வெள்ளை மூடியைக் குலுக்கினேன், குலுக்கினேனா, இருபது தடவை குலுக்கியது பத்து மணியா இரண்டு மணியா, எல்லாச் சொட்டும் ஒரே மாதிரி, எல்லாக் கையும் என் கைதான். சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்தேனா? இல்லை. சிலிண்டர்காரர் போன பிறகுதான் தேய்த்தேன், இருப்புச் சட்டியில் கத்தரிக்காய் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டினேன். காய்ந்து ஒட்டுகிற அளவுக்கு ஒரு சட்டியை நான் எப்போது விட்டு வைத்திருக்கிறேன்? அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் நான் எங்கே இருந்தேன்?

சாப்பாட்டு மேஜையில். சொல்லிவிடுகிறேன், எனக்குள்தானே. மேஜையில் கன்னத்தை வைத்து, எண்ணெய்த்துணி விரிப்பின் பிசுக்கு கன்னத்தில் ஒட்ட, வாய் திறந்து, எச்சில் வழிய. பகலில் தூங்குகிற பெண்களைப் பற்றி நான் என்னென்ன பேசியிருக்கிறேன், எதிர் வீட்டு நிர்மலா மத்தியானம் கதவைச் சாத்தினால் “ராணியம்மா பள்ளியறைக்குப் போயாச்சு” என்று சொல்வேன். ஆறு நாளாக நாலரைக்கு எழுந்து பதினொன்றரைக்குப் படுக்கிறேன் என்று ஒரு காரணம் சொல்லலாம். சொல்லமாட்டேன். காரணம் சொன்னால் சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலின் விளிம்பால் தட்டுவார். கண் அசந்தது, அவ்வளவுதான். சிலிண்டர்காரர் கேட்டைத் தட்டிய தட்டில் எழுந்தேன், மணி இரண்டு ஐம்பது. ஓடினேன். ரசீது, கையெழுத்து, அடுப்படி. அடுப்படிக்குப் போகிற வழியில் ஃப்ரிஜைப் பார்த்தேன். இரண்டு மணிக்கு நேராக டிக் இருந்தது. இருந்ததல்லவா, அதனால் விட்டாகிவிட்டது என்று நினைத்தேன். நானே காலையில் போட்ட டிக் மத்தியானம் என்னையே ஏமாற்றியிருக்கிறது, நானும் அதை நம்பிப் பாத்திரம் தேய்க்கப் போயிருக்கிறேன். முந்தாநாள் இரண்டு மணி? தெரியவில்லை. அன்றைக்கும் டிக் இருக்கிறது. எல்லா நாளும் டிக் இருக்கிறது. ஒரு சொட்டு தவறினால் கண் போய்விடுமா, போகாது, போகாது என்றால் ஏன் மணி பார்த்து விடச் சொன்னார்கள், ஒரு சொட்டு என்று யார் சொன்னது, இரண்டாக இருந்தால், மூன்றாக இருந்தால், காலையில் அந்தச் செம்பருத்தி நரம்பைப் பார்த்த உடனே வாயை மூடிக்கொண்டேனே, அப்போதே எனக்குத் தெரிந்திருந்ததா? எட்டு மணி மூன்றரை நிமிஷம். இன்னொன்றும் இருக்கிறது. நான் எழுந்தபோது தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஃபேனை நான் போடுவதில்லை, அப்பளம் பறக்கும், அதைவிட நான் அங்கே உட்காருவதே இல்லை. சாயங்காலம் அபிநயா வந்ததும் அவளைத்தான் பிடித்தேன், “ஃபேனைப் போட்டுட்டுப் போயிருக்கே, நிறுத்தறதுக்கு நான் ஒருத்தி ஆளா?” என்று. “நான் காலைல ஏழு இருபதுக்குப் போனவம்மா. பேயா வந்து போட்டேன்?” என்றாள். பதில் பேசுகிறாள் என்று அதற்கும் திட்டினேன். அவள் போடவில்லை. இவர் ஆபீஸில். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒரு கண் இல்லாமல், இன்னொரு கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டு கூடத்தைத் தாண்டி, நாலு சுவிட்சில் எது ஃபேன் என்று விரலால் பார்த்துப் பார்த்து. எதற்காக எழுந்து வந்தார்? இரண்டு மணிச் சொட்டுக்குத்தான். கார்டாக இருந்தவருக்கு நேரம் தெரியாதா? என்னைக் கூப்பிட வந்தார். வந்து, நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டார். ஃபேனைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். இன்றைக்கு மகனிடம் “மணியடிச்ச மாதிரி விடறா” என்கிறார். யார் கேட்டார்கள் இந்தத் தயவை? இருக்கிற ஒரே கண்ணை வைத்துக்கொண்டு என் பெயரைக் காப்பாற்றச் சொல்லி யார் கேட்டார்கள் இவரை? எனக்கு இப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது, நல்ல கோபம், என்னைத் திட்டியிருக்கலாமே மாமா, “சியாமளா, மணி ரெண்டு” என்று ஒரு குரல், அவ்வளவுதானே. எனக்கு இரக்கம் காட்டுகிற அளவுக்கு நான் என்ன ஆகிவிட்டேன்?

ஒன்றும் ஆகவில்லை. எட்டு மணி ஐந்து. ரோஸ் மூடி. இமை, குழி, ஒரு சொட்டு. கை நடுங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் விட்டேன். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் இன்னும் கேட்கிறது, இந்த மனுஷன் குளிக்கிற குளியலுக்கு ஒரு ஓடிப் பிடித்து விளையாட்டே ஆடி முடிக்கலாம். நான் எழுந்து போய் அட்டையை எடுத்துவந்தேன், பேனாவும் கிடைத்தது, தேடும்போது மட்டும் கிடைக்காதது. எங்கள் கான்வென்டில் அழிரப்பர் கிடையாது. தப்பாக எழுதினால் கிறுக்கக்கூடாது, மறைக்கக்கூடாது, ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது தெரியும்படி, பக்கத்தில் முதலெழுத்து. நேற்று இரண்டு மணியின் மேல் கோடு போட்டேன். முந்தாநாள் இரண்டு மணியின் பக்கத்தில் கேள்விக்குறி. இன்றைய வரிசையில் எட்டு மணியைத் தவிர ஆறு டிக்குக்கும் ஆறு கோடு, ஆறு முதலெழுத்து. நேர்த்தியாகத்தான் இருந்தது, தப்பை ஒத்துக்கொள்வதில்கூட என் கோடு வளைவதில்லை. பதினோரு மணிக்கு நானும் போகிறேன். இவரை மட்டும் மாமாவோடு அனுப்பினால் “எல்லாம் விட்டாச்சு டாக்டர்” என்று அட்டையை நீட்டிவிட்டு வருவார், டாக்டரும் சிவப்புக்கு வேறு எங்காவது காரணம் தேடுவார். நானே சொல்வேன், நேற்று இரண்டு மணி விடவில்லை, முந்தாநாள் சந்தேகம், இனி என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள் என்று, நேராக, அவருக்கு எந்த மொழி வசதியோ அந்த மொழியில். அந்தச் சின்ன நர்ஸ் பக்கத்தில் நின்று கேட்கட்டும். கேட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும். இவருக்கும் தெரியட்டும், அட்டையைக் கண்ணாடிக்கு முன்னால், சீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன், தலை வாரும்போது படிக்காமல் இருக்க முடியாது. அதுவரைக்கும் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. தப்பைச் சொல்வது எனக்கு வரும். உத்தரவு போடுவது ரொம்ப நன்றாக வரும். திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். மாமா கண்ணை மூடி மல்லாந்து கிடக்கிறார், இரண்டு கையும் மார்பின் மேல், கறுப்புக் கண்ணாடி மூச்சுக்கு ஏறி இறங்குகிறது. விழித்திருக்கிறாரா? நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சொல்லியிருக்கிறேன், வாங்கியிருக்கிறேன், பிடுங்கியிருக்கிறேன், கேட்டதில்லை. “மாமா,” என்றேன். குளியலறையில் தண்ணீர் நின்றது, மறுபடி கொட்டியது. “மாமா, தூங்கறீங்களா?” உதடு அசைந்த மாதிரி இருந்தது, இல்லை, அது மூச்சு. குனிந்து, காதுக்குப் பக்கத்தில், எனக்கே பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னேன், “ரெண்டு மணிக்கு நான் எங்கயாவது தலையைச் சாய்ச்சுட்டேன்னா, பாவம்னு விட்டுடாதீங்க மாமா. என்னை எழுப்பிடுங்க.”